யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்டிராட்: பத்துக்குப் பத்து இசைக்கா, கதைக்கா?

கேட்கப்பட்ட கேள்வி இது: வில்கோ என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்டிராட்’ ஆல்பத்தை 2002-இல் விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்களே, அது இசைக்காகவா, அல்லது இசை நிறுவனம் அதை வேண்டாம் என்று தள்ளிய கதைக்காகவா? முதல் பாட்டைக் கேட்டதும் தலைவலி வந்துவிட்டது என்றும் கேட்டவர் சேர்த்திருக்கிறார்.

தலைவலி வந்ததில் வியப்பில்லை. பாடகர் ஜெஃப் ட்வீடியே ஒற்றைத் தலைவலிக்காரர். இந்த ஆல்பம் உருவானதைப் படம்பிடித்த ஆவணப்படத்தில், ஒரு வாக்குவாதம் முடிந்ததும் அவர் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுப்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. அந்த முதல் ஏழு நிமிடங்கள் கேட்பவருக்குச் சொகுசாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் கவலைப்படவில்லை.

கதை உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது விமர்சகர்களின் மனத்தை இளக்கி மதிப்பெண்ணைக் கூட்டியது என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. நிறுவனம் கைவிட்டதால் விளைந்த பெரிய காரியம் வேறு. ஆல்பம் கடைக்கு வருவதற்கு ஏழு மாதம் முன்பே சாதாரண ரசிகர்கள் அதை முழுமையாக, காசில்லாமல், திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டார்கள். விமர்சகர்கள் எழுத உட்கார்ந்தபோது ரசிகர்களின் தீர்ப்பு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. முதல் முறை கேட்கும்போது பிடிகொடுக்காத ஆல்பங்களுக்கு வழக்கமாகக் கிடைக்காதது கால அவகாசம்தான். இதற்கு அது தற்செயலாகக் கிடைத்தது. மீதியெல்லாம் அதிலிருந்து வந்தது என்பேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊரிலிருந்து வந்த அங்கிள் டூப்பெலோ என்ற குழுவில் ட்வீடியும் ஜே ஃபாரரும் இருந்தார்கள். பங்க் ராக்கின் வேகத்தையும் பழைய கன்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புற இசை) பாடல்களின் சோகத்தையும் ஒன்றாகப் பிசைந்த குழு அது. ‘ஆல்ட்-கன்ட்ரி’ என்று பிறகு பெயர் பெற்ற வகைக்கு அவர்களைத்தான் மூலவர்களாகச் சொல்வார்கள். 1990-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயரான ‘நோ டிப்ரஷன்’ என்பதையே ஒரு பத்திரிகை தன் பெயராக வைத்துக்கொண்டது என்றால் ரசிகர்களின் பக்தியை ஊகித்துக்கொள்ளலாம். 1994-இல் குழு உடைந்தது. ஃபாரர் சன் வோல்ட் என்ற குழுவைத் தொடங்கினார். ட்வீடி மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வில்கோவைத் தொடங்கினார்.

முதல் ஆல்பமான ‘ஏ.எம்.’ (1995) பழைய பாணியின் தொடர்ச்சி. ‘பீயிங் தேர்’ (1996) இரண்டு சீடி கொண்ட பெரிய முயற்சி. ‘சம்மர்டீத்’ (1999) வந்தபோது கன்ட்ரி வாடை ஏறக்குறைய போய்விட்டது. அடுக்கடுக்காகக் கீபோர்டுகள், இனிப்பான பாப் மெட்டுகள், அவற்றுக்கு அடியில் விஷம் தோய்ந்த வரிகள். விமர்சகர்களுக்குப் பிடித்தது. அமெரிக்க விற்பனைத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 78-ஆம் இடத்தோடு நின்றது. நிறுவனத்தின் கணக்குப் பிள்ளைகள் அடுத்த ஆல்பத்தை எந்த மனநிலையில் எதிர்பார்த்திருப்பார்கள் என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடும்.

சிகாகோவில் ‘லாஃப்ட்’ என்று அழைக்கப்படும் தங்கள் சொந்த இடத்தில் குழு பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த ஜே பெனட் ஒலிப்பதிவையும் கவனித்துக்கொண்டார். ட்வீடிக்கோ அப்போது வேறொரு பக்கம் காது திரும்பியிருந்தது. ஜிம் ஓ’ரூர்க் என்ற சிகாகோ இசைக்கலைஞரின் பதிவுகளில் அவர் மூழ்கியிருந்தார். 2000-ஆம் ஆண்டு ஒரு இசை விழாவில் இருவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள். ஓ’ரூர்க் வழியாக க்ளென் கோச்சி என்ற டிரம்மர் அறிமுகமானார். தாளம் போடுவதை மட்டும் வேலையாக நினைக்காமல், கையில் கிடைக்கும் பொருள்களிலிருந்தெல்லாம் ஒலி எடுக்கிறவர் அவர். 2001 தொடக்கத்தில் பழைய டிரம்மர் கென் கூமரின் இடத்துக்குக் கோச்சி வந்தார். ஆல்பத்தை மிக்ஸிங் செய்யும், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளைக் கலந்து இறுதி வடிவம் கொடுக்கும் பொறுப்பு ஓ’ரூர்க்கிடம் போனது. ஓ’ரூர்க் செய்த முதல் வேலை குறைப்பதுதான். பெனட் அடுக்கியிருந்த ஒலிகளில் பலவற்றை எடுத்துவிட்டு, மிச்சமிருந்தவை மூச்சுவிட இடம் கொடுத்தார்.

‘ஐ ஆம் ட்ரையிங் டு பிரேக் யுவர் ஹார்ட்’ என்ற அந்த முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு கீபோர்டு ரீங்காரம். அதன்மேல் கடிகார அலாரம் போல ஏதோ ஒலிக்கிறது. டிரம்ஸ் வருகிறது, ஆனால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. இருட்டறையில் சுவிட்சைத் தேடும் கை போலத் தடவிக்கொண்டு வருகிறது. பிறகு கிதார், அதன்பின் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தது போல ட்வீடியின் குரல். சொற்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பியானோ நடுவில் தலைகாட்டிவிட்டு ஓடிவிடுகிறது. கடைசியில் எல்லாமே சரிந்து இரைச்சலாகும் நேரத்தில், ட்வீடி ஒரு வரியை முணுமுணுக்கிறார். அந்த வரி இந்தப் பாட்டுடையது இல்லை. ஆல்பத்தின் எட்டாவது பாட்டான ‘ஐ’ம் த மேன் ஹூ லவ்ஸ் யூ’ பாட்டின் வரி அது. காதலியை நோகடிக்கப் பார்க்கிறேன் என்று தொடங்கியவன், உன்னை நேசிக்கிறவன் நான்தான் என்று முடிக்கிறான். இது இரண்டாவது, மூன்றாவது முறை கேட்கும்போதுதான் பிடிபடும். முதல் முறை கேட்பவருக்கு அது வெறும் கூச்சல்.

இந்தப் பாட்டை ட்வீடி தனி நிகழ்ச்சிகளில் ஒற்றைக் கிதாரோடு பாடியிருக்கிறார். அப்படிக் கேட்டால் குழப்பம் எதுவும் இல்லை. மூன்று நான்கு கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) நிற்கும் எளிய காதல் பாட்டு. ஆல்பத்தின் இயல்பே இதுதான். புரியாத இசையை எழுதி வைத்துக்கொண்டு இவர்கள் கேட்பவரைச் சோதிக்கவில்லை. யாரும் முணுமுணுக்கக்கூடிய பாட்டை முதலில் எழுதிவிட்டு, பிறகு அதைக் கழற்றிப் போட்டார்கள். பாராட்டுகிறவர்கள் பாராட்டுவதும் திட்டுகிறவர்கள் திட்டுவதும் இந்த ஒரே காரியத்தைத்தான்.

இனி அந்தப் புகழ்பெற்ற நிராகரிப்பு. வில்கோ அப்போது ரீப்ரைஸ் என்ற நிறுவனத்தில் இருந்தது. அது வார்னர் குழுமத்தைச் சேர்ந்தது. 2001 ஜனவரியில் ஏ.ஓ.எல்., டைம் வார்னர் இணைப்பு முடிவடைந்து, ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம். ரீப்ரைஸின் தலைவராக இருந்து வில்கோவுக்குத் துணைநின்ற ஹோவி க்ளைன் வெளியேறினார். கலைஞர்களைத் தேர்வு செய்யும் பிரிவுக்குத் தலைமை வகித்த டேவிட் கேன் போன்றவர்களுக்கு இந்த ஆல்பத்தில் ரேடியோவில் ஒலிக்கத் தகுந்த ஒரு பாட்டும் காதில் விழவில்லை. மாற்றித் தரச் சொன்னார்கள். குழு மறுத்தது. 2001 கோடையில் நிறுவனம் கைகழுவியது, பதிவை எடுத்துக்கொண்டு போக அனுமதித்தும் விட்டது. நவம்பரில் நான்சச் என்ற நிறுவனம் வில்கோவை ஒப்பந்தம் செய்தது. ஸ்டீவ் ரைக், க்ரோனோஸ் குவார்ட்டெட் போன்ற நவீனச் செவ்வியல் இசைக்காரர்களை வெளியிட்டுப் பெயர் பெற்ற நிறுவனம் நான்சச். அதுவும் வார்னர் குழுமத்தைச் சேர்ந்ததுதான். இடக்கை எறிந்ததை வலக்கை காசு கொடுத்து வாங்கியது. ஒரே முதலாளி ஒரே சரக்குக்கு இரண்டு முறை பணம் கொடுத்த இந்த வேடிக்கையை எந்தப் பத்திரிகையாளர்தான் விட்டுவைப்பார்?

பத்திரிகைகளுக்கு இது அல்வா என்பதை ஒத்துக்கொள்கிறேன். பேராசை பிடித்த நிறுவனம், விட்டுக்கொடுக்காத கலைஞன் என்ற வார்ப்பு அவர்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையின் கிரெக் காட் போன்றவர்கள் இந்த விவகாரத்தைத் தொடர்ந்து எழுதினார்கள். காட் பின்னர் வில்கோவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். புகைப்படக்காரர் சாம் ஜோன்ஸ் எடுத்த கருப்பு வெள்ளை ஆவணப்படம் 2002-இல் வந்தது. ஒரு ஆல்பம் எப்படி உருவாகிறது என்று படமெடுக்கப் போனவருக்கு, நிராகரிப்பும் குழுவுக்குள் பிளவும் கேமரா முன்னாலேயே நடந்துகொண்டிருந்தன. கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

ஆனால் அதே நேரத்தில் நடந்த இன்னொன்றுக்கு அந்தக் கட்டுரைகளில் போதிய இடம் கிடைக்கவில்லை. பாட்டுகள் எம்பி3 வடிவில் இணையத்தில் கசியத் தொடங்கியிருந்தன. பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது இசைத்துறை வழக்கு மேல் வழக்காகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. குழுவிடம் நிறுவனமும் இல்லை, சட்டத்தைக் காட்டி மிரட்டும் ஆசையும் இல்லை. 2001 செப்டம்பர் 18 அன்று முழு ஆல்பத்தையும் தங்கள் இணையதளத்திலேயே யாரும் கேட்கும்படி ஓடவிட்டார்கள். அன்றைய தொலைபேசி வழி இணைப்பில், கம்மிய ஒலித்தரத்தில், விட்டுவிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு மக்கள் கேட்டார்கள். அந்த இலையுதிர்காலத்தில் வில்கோ ஊர் ஊராகப் போய் வாசித்தபோது, எந்தக் கடையிலும் கிடைக்காத பாட்டுகளை அரங்கில் இருந்தவர்கள் வரி பிசகாமல் கூடப் பாடினார்கள்.

சாதாரணமாக இத்தகைய ஆல்பம் ஒன்று வந்தால் விமர்சகர் அதைச் சில நாள் வைத்திருந்து எழுதுகிறார். வாசகர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வாங்குகிறார், ஒரு முறை கேட்கிறார், பிடிக்கவில்லையென்றால் கட்டுரை எழுதியவரைத் திட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார். இங்கே வரிசை தலைகீழானது. ‘இது நல்ல ஆல்பம், புரிந்துகொள்ளப் பாருங்கள்’ என்று சொல்ல யாரும் இல்லாத நேரத்தில் கேட்டவர்கள் தாங்களாகவே உள்ளே நுழைந்தார்கள். ‘ரேடியோ க்யூர்’ போல ஊர்ந்து போகும் பாட்டுக்கும் பத்தாவது முறை என்று ஒன்று கிடைத்தது. 2002 ஏப்ரல் 23 அன்று ஆல்பம் அதிகாரபூர்வமாக வெளிவந்தபோது முதல் வாரத்தில் சுமார் 56,000 பிரதிகள் விற்று, பில்போர்டில் 13-ஆம் இடத்தைப் பிடித்தது. அதுவரை வில்கோ கண்ட இடங்களிலேயே உயர்ந்தது அதுதான். இலவசமாகக் கேட்டவன் காசு கொடுக்க மாட்டான் என்று இசைத்துறை சத்தியம் செய்துகொண்டிருந்த நாள்களில் இது நடந்தது.

செப்டம்பர் 18 என்ற தேதி பலருக்கு இந்நேரம் உறுத்தியிருக்கும். முதலில் திட்டமிட்ட வெளியீட்டு நாள் 2001 செப்டம்பர் 11. நிராகரிப்பால் அந்தத் தேதி போயிற்று. நியூயார்க் தாக்குதல் நடந்து ஒரு வாரம் கழித்து இணையத்தில் ஆல்பம் ஓடத் தொடங்கியது. ‘ஜீசஸ், எட்செட்ரா’ என்ற பாட்டில் உயரமான கட்டடங்கள் குலுங்குவதாக ஒரு வரி வருகிறது. ‘ஆஷஸ் ஆஃப் அமெரிக்கன் ஃபிளாக்ஸ்’ என்று இன்னொரு பாட்டுக்குப் பெயர், ‘வார் ஆன் வார்’ என்று வேறொன்று. அட்டையில் சிகாகோவின் மரினா சிட்டி இரட்டைக் கோபுரங்கள். பாட்டுகளெல்லாம் மாதக்கணக்கில் முன்பே பதிவானவை, எனவே இது முழுக்கத் தற்செயல். எத்தனை முறை சொன்னாலும் ‘தீர்க்கதரிசனம்’ என்ற பேச்சு நிற்கவில்லை. தீர்க்கதரிசனம் என்று எழுதியவர்கள்மீது எனக்கு எரிச்சல்தான். அதே சமயம், அந்த வாரத்தில் அமெரிக்காவில் ஒரு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டவருக்கு வேறு எதுவும் தோன்றியிருக்க முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. வயலின் தழுவிய மெல்லிய பாட்டு அது. ஆறுதல் சொல்லும் தொனி. பாடும்போது ட்வீடி எதை நினைத்தார் என்பது அந்த ஆண்டு யாருக்கும் பொருட்டாக இல்லை.

விமர்சகர்கள் பக்கம் வருவோம். பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் 10.0 கொடுத்தது. அந்த மதிப்பெண்ணை அவர்கள் பிரிட்டிஷ் ராக் குழுவான ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ ஆல்பத்துக்கு 2000-இல் கொடுத்திருந்தார்கள். 2002-இலேயே சில வாரங்கள் முன்னால் டெக்சஸ் குழுவொன்றுக்கும் கொடுத்திருந்தார்கள். எனவே பத்துக்குப் பத்து என்பது அந்தக் காலத்தில் வானத்திலிருந்து விழுந்த அதிசயம் இல்லை. அதோடு பிட்ச்ஃபோர்க்கும் அப்போது சிகாகோவில்தான் இருந்தது. உள்ளூர்ப் பாசம் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் டேவிட் ஃப்ரிக் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டார். வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை ஆண்டுதோறும் அமெரிக்க விமர்சகர்களிடையே நடத்திய ‘பாஸ் அண்ட் ஜாப்’ வாக்கெடுப்பில் 2002-இன் முதலிடம் இந்த ஆல்பத்துக்குப் போனது. நூற்றுக்கணக்கானவர்கள் தனித்தனியாகப் பட்டியல் போட்டு வந்த முடிவு அது; ஒரு இதழின் உற்சாகத்தைவிட இதற்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

அன்றைய விமர்சனங்களைப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். பலவும் முதல் பாதியை நிறுவனத்தின் கதைக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில்தான் இசைக்கு வருகின்றன. வந்ததும் ‘அமெரிக்காவின் ரேடியோஹெட்’ என்று ஒரு முத்திரை. இது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. ‘கிட் ஏ’ பாட்டு என்ற வடிவத்தையே சந்தேகப்பட்ட ஆல்பம். கிதாரை ஒதுக்கி வைத்துவிட்டு மின்னணு இசையிடம் போனது. வில்கோ பாட்டு என்ற வடிவத்தை விடவே இல்லை. ‘ஹெவி மெட்டல் டிரம்மர்’ என்ற பாட்டு, செயின்ட் லூயிஸ் நகரத்து ஆற்றங்கரையில் கோடைக்கால இரவுகளில் பிறருடைய பாட்டுகளை வாசித்துத் திரிந்த குழுக்களை நினைத்து ஏங்குகிறது. அறிவாளித்தனம் இல்லாத அந்தச் சந்தோஷத்தைத் தொலைத்துவிட்டேனே என்று ஒரு சோதனை ஆல்பத்தின் நடுவில் உட்கார்ந்து பாடுகிறார் ட்வீடி. ரேடியோஹெட் இப்படி ஒரு பாட்டை எழுதாது.

குறை சொன்னவர்கள் இரண்டு திசையிலிருந்து வந்தார்கள். பழைய கன்ட்ரி ரசிகர்கள், நல்ல பாட்டுகளை வேண்டுமென்றே பாழாக்கிவிட்டார்கள் என்றார்கள். எதிர்த்திசையில், டார்ட்டாய்ஸ், காஸ்ட்ர் டெல் சோல் போன்ற சிகாகோவின் சோதனை இசைக் குழுக்களில் ஊறியவர்கள், இதிலென்ன சோதனை, வழக்கமான ராக் பாட்டுகளுக்கு மேல் இரைச்சலைப் பூசியிருக்கிறார்கள் என்று மூக்கைச் சுளித்தார்கள். ஒரே ஆல்பம் ஒருவருக்கு மிதமிஞ்சியும் இன்னொருவருக்குப் போதாமலும் இருந்தது.

இந்த இரண்டாவது குற்றச்சாட்டைத்தான் நான் பொருட்படுத்துகிறேன், ஏனென்றால் சில இடங்களில் அது உண்மை. ‘பாட் கெட்டில் பிளாக்’ சாதாரணமான பாட்டு. அதன் ஓரங்களில் ஒட்டியிருக்கும் ஒலிகளைப் பிய்த்தெறிந்தால் ஒன்றும் குறையாது, சேர்த்ததால் ஒன்றும் கூடவும் இல்லை. ஆனால் ‘புவர் பிளேசஸ்’ பாட்டை அப்படிச் சொல்ல முடியாது. வீட்டை விட்டு வெளியே போகப் பிடிக்காத ஒருவனின் பாட்டு அது. மெதுவாக, அழகாக நகர்கிறது. முடிவை நெருங்கும்போது பின்னாலிருந்து இரைச்சல் ஏறத் தொடங்கி, பாட்டையே மூழ்கடிக்கிறது. அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண்குரல், உணர்ச்சியே இல்லாமல், ‘யாங்கி, ஹோட்டல், ஃபாக்ஸ்டிராட்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. சிற்றலை வானொலியைத் திருகிப் பழகியவர்களுக்கு இந்த ரகக் குரல் தெரிந்திருக்கும்: யாருக்கென்று சொல்லாமல் எண்களையும் எழுத்துக் குறிகளையும் (Y-க்கு யாங்கி, H-க்கு ஹோட்டல், F-க்கு ஃபாக்ஸ்டிராட் என்பது போல) மட்டும் வாசித்துக்கொண்டிருக்கும் நிலையங்கள், உளவாளிகளுக்கான செய்திகள் என்று பரவலாக நம்பப்படுபவை. அவற்றின் பதிவுகளைத் தொகுத்து இர்டியல் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1997-இல் ‘காண்ட் ப்ராஜெக்ட்’ என்று நான்கு சீடிகளாக வெளியிட்டிருந்தது. அதிலிருந்துதான் குரலை எடுத்தார்கள், ஆல்பத்துக்குப் பெயரையும் எடுத்தார்கள். அனுமதி பெறாததால் வழக்கு வந்து, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடப்பவனின் காதில், யாரோ யாருக்கோ அனுப்பும் செய்தி விழுந்துகொண்டே இருக்கிறது, அவனுக்கு மட்டும் அது புரியவில்லை. இங்கே இரைச்சலை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. பூச்சு என்று சொல்கிறவர்கள் இந்தக் கடைசி இரண்டு நிமிடங்களுக்குப் பதில் சொல்லட்டும்.

ரசிகர்களிடையே இன்றும் ஓயாத சண்டை ஒன்று உண்டு: இது யாருடைய ஆல்பம்? ஆவணப்படத்தில் ட்வீடியும் பெனட்டும் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு மாறும் சில விநாடிகளைப் பற்றி வாக்குவாதம் செய்கிறார்கள். பெனட் விளக்கிக்கொண்டே போகிறார். ட்வீடி புரிகிறது, ஆனால் எனக்கு அது முக்கியமில்லை என்கிற பாவனையில் இருக்கிறார். பார்க்கவே சங்கடமான காட்சி. ஆல்பம் முடிந்ததும் பெனட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார்; 2009 மே மாதம் இறந்துபோனார். பெரும்பாலான பாட்டுகளை ட்வீடியோடு சேர்ந்து எழுதியவர் அவர். ஓ’ரூர்க் வந்து காப்பாற்றினார் என்ற பேச்சு பெனட்டுக்குச் செய்யும் அநியாயம் என்று ஒரு கட்சி. பெனட்டின் கையில் விட்டிருந்தால் இன்னொரு ‘சம்மர்டீத்’தான் வந்திருக்கும் என்று மறு கட்சி.

2022-இல் இருபதாம் ஆண்டையொட்டி வந்த பெரிய தொகுப்பு இந்த வழக்குக்குப் புதிய சாட்சியங்களைக் கொண்டுவந்தது. வெளிவராத பதிவுகள் எண்பதுக்கும் மேல். ஒரே பாட்டு மூன்று நான்கு உடைகளில்: ஒன்றில் துள்ளல் பாப், ஒன்றில் கன்ட்ரி, இன்னொன்றில் ஏறக்குறைய உடைந்த நிலை. கேட்டுப் பார்த்தபின் நான் சொல்லக்கூடியது இதுதான்: பாட்டுகளுக்கு எலும்பு பலமாக இருந்ததற்குப் பெனட்டுக்குப் பங்கு உண்டு, அவற்றைத் துணிந்து வெட்ட முடிந்தது ஓ’ரூர்க் வெளியாள் என்பதால். தான் வாசித்ததைத் தானே அழிக்க யாருக்கும் மனம் வராது. இந்தத் தொகுப்புக்கு 2023-இல் சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. 2002-இல் மூல ஆல்பம் அந்த விருதுப் பக்கமே போகவில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கதைதான் மதிப்பெண்ணைக் கூட்டியது என்றால், கதை பழசாகப் பழசாக மதிப்பும் இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 2009-இல் பிட்ச்ஃபோர்க் போட்ட பத்தாண்டுப் பட்டியலில் நான்காம் இடம், ரோலிங் ஸ்டோனின் அதே வகைப் பட்டியலில் மூன்றாம் இடம். ரோலிங் ஸ்டோனின் எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்கள் பட்டியலில் 2012-இல் 493-ஆம் இடத்தில் தொற்றிக்கொண்டிருந்தது, 2020-இல் 225-க்கு ஏறியது. புதிதாக வாக்களித்தவர்களில் பலருக்கு ரீப்ரைஸ் விவகாரமெல்லாம் சின்ன வயதில் நடந்த கதை. பட்டியல்களைப் பெரிதாக நம்புகிறவன் இல்லை நான், ஆனாலும் இந்த விஷயத்தில் அவை ஒரு சாட்சிதான்.

வில்கோவின் பிற்கால ஆல்பங்களுக்கு அதே அன்பு கிடைக்கவில்லை என்பதும் இங்கே சேர வேண்டும். 2004-இல் வந்த ‘எ கோஸ்ட் இஸ் பார்ன்’ ஆல்பத்தில் ஒரு பாட்டு பதினைந்து நிமிடம் ஓடும். அதில் பெரும்பகுதி வெறும் முனகல் ஒலி. அந்த ஆல்பத்துக்குக் கிராமி கொடுத்தார்கள். 2007-இல் இரைச்சலையெல்லாம் விட்டுவிட்டு ‘ஸ்கை புளூ ஸ்கை’ என்ற அமைதியான ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, அதே பிட்ச்ஃபோர்க் 5.2 போட்டு, ‘டாட்-ராக்’, அதாவது அப்பாக்கள் கேட்கும் ராக், என்ற பட்டத்தையும் சூட்டியது. ஐந்தே ஆண்டுகளில் பத்திலிருந்து ஐந்து. குழு அவ்வளவு தூரம் சரிந்துவிடவில்லை. கழற்றிப் போடப்பட்ட பாட்டுகளுக்குப் பழகிய விமர்சகர்களுக்கு, கழற்றாத பாட்டைக் கொடுத்ததும் சுவாரசியம் போய்விட்டது. பத்து கொஞ்சம் அதிகம், ஐந்து ரொம்பக் குறைவு. இரண்டையும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே கொண்டுவந்து வைத்தால் எனக்குச் சம்மதம், ‘யாங்கி’ ஒன்பதுக்குப் பக்கத்தில்.

கேட்டவருக்கு நான் சொல்லும் வழி: முதல் பாட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஐந்தாவது பாட்டான ‘ஜீசஸ், எட்செட்ரா’வில் தொடங்கி எட்டாவது வரை கேளுங்கள். தலைவலி வராது, ‘ஹெவி மெட்டல் டிரம்மர்’ அன்று முழுக்க வாயில் ஒட்டிக்கொள்ளும். எட்டாவது பாட்டில் ட்வீடியின் கிதார் தாறுமாறாகக் கத்துவதை ரசிக்க முடிந்தால், அடுத்த நாள் பத்தாவதான ‘புவர் பிளேசஸ்’ பாட்டுக்குப் போங்கள், ஹெட்ஃபோனில், சத்தத்தைக் குறைக்காமல். அதற்குப் பிறகு முதல் பாட்டுக்கு வந்து, கடைசியில் அந்த எட்டாவது பாட்டின் வரி காதில் விழுகிறதா என்று பாருங்கள். ‘ரேடியோ க்யூர்’ உங்களுக்கு எப்போதும் பிடிக்காமல் போகலாம். எனக்குத் தெரிந்த தீவிர வில்கோ ரசிகர்களில் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான்.